சாலையோரக் கறுப்புப் பைகள்

குன்வோருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தூக்கம் வராது. முப்பது வருஷத்துக்கு மேல் முடிதிருத்தும் கடை நடத்தியவள். அவள் கத்தரிக்கோலை எடுத்தால், நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து போவதற்குள் அவருடைய மருமகள் எந்த ஊர், கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது வரைக்கும் கறந்துவிடுவாள். அவள் புருஷன் சிக்ஸ்டன் இதற்கு நேர் எதிர். தெற்குக் கடலோர ஈஸ்டாட் நகரத்துப் பூங்காக்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவன். அடுத்த வீட்டுக்காரர் காரில் விளக்கை அணைக்க மறந்துவிட்டால்கூடப் போய்க் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டான். பேட்டரி செத்தாலும் பரவாயில்லை, மனிதரைத் தொந்தரவு செய்யக் கூடாது. நல்ல மனிதன்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அப்பேர்ப்பட்ட நல்ல மனிதனோடு, படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர் வேனுக்குள் மூன்று வாரம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

தெற்குக் கடற்கரையிலிருந்து கிளம்பி, வடக்கே வடக்கே என்று வந்துகொண்டிருந்தார்கள். வேன் பழையது. வாங்கிய கையோடு சிக்ஸ்டன் அதற்குள் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் வைத்தான். வாணலிக்கு ஒரு கொக்கி, சாவிக்கு ஒரு கொக்கி, கொசு அடிக்கும் மட்டைக்கு ஒரு கொக்கி. குப்பை பொறுக்கும் நீளக் கவ்விக்கு மட்டும் இரண்டு கொக்கி. காட்டில் எங்கே வேண்டுமானாலும் ஓர் இரவு தங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுப் போக வேண்டும் என்பது அவன் கொள்கை. தினமும் காலையில், யாரோ எந்தக் காலத்திலோ போட்ட பாட்டில் மூடியைக்கூட விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவன் ஊரோடு ஒட்டுகிறவன். எதிரே இன்னொரு கேம்பர் வேன் வந்தால் ஓட்டுகிறவர்கள் இருவரும் கையைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள். முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதில் சிக்ஸ்டன் தாராளப் பிரபு. தூரத்தில் வெள்ளையாக ஏதாவது பெட்டி தெரிந்தாலே கை தானாக மேலே போய்விடும். இரண்டு தடவை ரொட்டி வண்டிக்குக் கை காட்டியிருக்கிறான்.

ஜூலை மாதம். வடக்கில் அப்படியொரு வெயிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பைன் மரங்களாகவே வந்த சாலையில், குன்வோர் திடீரென்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள்.

"அது என்னது?"

"எது?"

"அந்தக் கம்பத்துல. கறுப்பா."

"பை."

"பைன்னு எனக்கும் தெரியுது. ஏன் கட்டியிருக்குன்னு கேக்கறேன்."

"யாரோ கட்டியிருக்காங்க," என்றான் சிக்ஸ்டன். அவனுக்கு அது போதுமான பதில்.

குப்பை போடுகிற கறுப்பு பிளாஸ்டிக் பை. சாலையோரத்துக் கம்பத்தில் கட்டியிருந்தது, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பிறகு ஒரு பிர்ச் மரத்துக் கிளையில் ஒன்று. குன்வோருக்கு உட்கார முடியவில்லை.

"யாராவது செத்துட்டாங்களோ? கறுப்புக் கொடி மாதிரி?"

"ஊரே செத்தாத்தான் இத்தனை கட்டணும்."

"அப்ப எதுக்கு?"

"பெர்ரி பொறுக்க வந்தவங்க வழி தெரியறதுக்குக் கட்டியிருப்பாங்க. போன வருஷம். அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது."

"போன வருஷத்துப் பை இப்படிப் பளபளன்னு இருக்குமா?"

அந்த நேரத்தில் வலப்பக்கம் ஒரு சிவப்பு வீடு வந்தது. நல்ல பெரிய முற்றம், மர வேலி. வாசல் கம்பத்திலேயே ஒரு கறுப்புப் பை தொங்கியது. முற்றத்தில் தொப்பி போட்ட ஒருவர் விறகு அறுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்து, நிறுத்து. நான் போய் அவரைக் கேக்கறேன்."

"வேலை செய்யற மனுஷனைப் போய்த் தொந்தரவு பண்ணாதே குன்வோர்."

"அவர் என்ன ஆபரேஷனா பண்றாரு? விறகுதானே அறுக்கறாரு!"

"நமக்குத் தெரியாத மனுஷர். நாம பாட்டுக்கு வந்தோம், நாம பாட்டுக்குப் போவோம்."

வீட்டுக்கு எதிரே சாலை அகலமாகும் இடத்தில் நிறுத்தினான், ஆனால் காபி குடிக்க மட்டும். குன்வோர் பிளாஸ்கைத் திறந்துகொண்டே அந்த மனிதரை ஏக்கமாகப் பார்த்தாள். இருபது அடி தூரம்கூட இருக்காது. ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் சிக்ஸ்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அன்றைய நாள் முழுக்க அந்த முகத்தோடுதான் வேனுக்குள்ளே இருக்க வேண்டும். சரி, போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அன்று அவள் செய்த பெரிய தப்பு அதுதான் என்று இப்போதும் சொல்வாள்.

வாசல் கம்பத்துப் பை படபடத்தது. சிக்ஸ்டனால் காபியைக் குடிக்க முடியவில்லை. காற்றில் ஆடும் பிளாஸ்டிக் அவன் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. கோப்பையை வைத்துவிட்டுக் கவ்வியை எடுத்தான், சாலையைக் கடந்தான், முடிச்சை அவிழ்த்துப் பையைக் கழற்றி நான்காக மடித்தான். விறகு அறுத்தவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சிக்ஸ்டன் மரியாதையாகக் கையைத் தூக்கினான். அவரும் மெதுவாகத் தலையை அசைத்தார்.

"பாத்தியா?" என்றான் திரும்பி வந்து. "அவருக்கும் சந்தோஷம்தான்."

அப்புறம் என்ன, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான் மனிதன். வண்டியை ஊர விடுவது, நிறுத்துவது, அவிழ்ப்பது, மடிப்பது. இடப்பக்கம் அவன், வலப்பக்கம் குன்வோர். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்றுதான் அவளும் இறங்கினாள். நான்கைந்து பைகளுக்குப் பிறகு அவள் கை நின்றது.

"சிக்ஸ்டன், இந்த முடிச்சைப் பாரேன்."

"முடிச்சுல என்ன?"

"எல்லாம் ஒரே முடிச்சு. ரெண்டு சுத்து சுத்தி, ஒரு முனையை மடிச்சு உள்ள விட்டிருக்கு. ஒரு இழு இழுத்தா வந்துடுது. நான் எத்தனை தலை பின்னியிருக்கேன்! இது ஒரே கை போட்ட முடிச்சு. கட்டும்போதே அவிழ்க்கறதை நினைச்சுக் கட்டியிருக்காங்க. குப்பைக்கு யாராவது இவ்வளவு அக்கறையா முடிச்சுப் போடுவாங்களா?"

"ஒழுங்கான ஆளா இருக்கும்," என்று ஒப்புக்கொண்டான் சிக்ஸ்டன். "அப்புறம் மறந்துபோயிருப்பாங்க."

சாலை ஒரு சதுப்பு நிலத்தை ஒட்டி நீளமாக வளைந்தது. அந்த வளைவில்தான் பைகள் நெருக்கமாக இருந்தன. அதையும் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை கழற்றினார்கள். பிறகு பைகள் நின்றுவிட்டன. சிக்ஸ்டன் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் இல்லை. இந்தப் பயணத்திலேயே இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தோம் என்றான். ஓர் ஏரிக்கரையில் நிறுத்தி, குளித்து, ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினார்கள்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் லோம்செலெட் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பெட்ரோல் பங்க், அதை ஒட்டி ஒரு காபிக் கடை, பின்னால் குப்பை பிரித்துப் போடும் பெரிய பெரிய தொட்டிகள். ஊருக்கு நடுவே கோடைச் சந்தைக்குக் கொடி கட்டியிருந்தது, எங்கே பார்த்தாலும் கார்கள். சிக்ஸ்டன் தொட்டிகளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். கண்ணாடி ஒன்றில், காகிதம் ஒன்றில், மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றில் என்று பிரித்துப் போட ஆரம்பித்தான். குன்வோர் கடைக்குள் போனாள்.

கல்லாப் பக்கத்து உயர நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கத்தி, முழங்கால் வரை சேறு, தூங்காத கண்கள். ஒரு கிண்ணத்துக் காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, ஊறியதைக் கரண்டியால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். குன்வோருக்கு இது போதாதா?

"அது நல்லா இருக்குமா?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். குன்வோர் ஒரு துண்டை எடுத்து மென்றாள். பல்லில் கீச்சென்றது, காபி மணத்தது. சப்புக்கொட்டினாள். அவ்வளவுதான், பேச்சு ஓட ஆரம்பித்துவிட்டது. பெண்ணின் பெயர் ரிஸ்டின். வடக்கின் பூர்வகுடிகளான சாமி இனத்தவள். கலைமான் வளர்க்கிற குடும்பம்.

"அப்படியா! உங்ககிட்ட எத்தனை மான் இருக்கு?"

கல்லாவில் நின்ற கடைக்காரம்மா ஊற்றிக்கொண்டிருந்த காபியை நிறுத்தினாள். ரிஸ்டின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க உள்ள என்ன நிறத்துல ஜட்டி போட்டிருக்கீங்கன்னு நான் கேட்டேனா?"

"ஐயோ, இல்லையே!"

"அதைக் கேக்கறதும் இதைக் கேக்கறதும் எங்களுக்கு ஒண்ணுதான். மான்தான் எங்க சொத்து." சொல்லிவிட்டு ரிஸ்டின் சிரித்துவிட்டாள். "தெக்கத்திக்காரங்க எல்லாருமே முதல்ல இதைத்தான் கேப்பீங்க. பரவாயில்ல, நீங்க வந்து உக்காந்து கேக்கவாவது செய்யறீங்க."

குன்வோருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சரி, அதை விடுங்க. இன்னொண்ணு கேட்டா திட்டாதீங்க. காலையிலேருந்து எனக்கு மண்டை குடையுது. வர்ற வழியில ரோட்டோரமா கறுப்புப் பை கட்டியிருந்துதே, அது எதுக்கு?"

"அது நான் கட்டினது," என்றாள் ரிஸ்டின். "விடிகாலையில. மான் ரோட்டுப் பக்கம் இருந்தா கட்டுவோம். பையைப் பார்த்தா இந்தப் பக்கத்து ஆளுங்க வேகத்தைக் குறைச்சுடுவாங்க. மான் போனதும் நாங்களே அவிழ்த்துடுவோம். சும்மா தொங்கவிட்டா ஒருத்தனும் மதிக்க மாட்டானே."

"நாங்க மானே பாக்கலையே," என்றாள் குன்வோர். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"காலையில சதுப்புக்குள்ள இருக்கும். வெயில் ஏறினா ஈ புடுங்கி எடுத்துடும். காத்து வேணும்னு ரோட்டுல வந்து நின்னுக்கும். குட்டிங்க வேற, கத்துக்குட்டிங்க, ஹாரன் அடிச்சாலும் நகராது. இன்னிக்கி சந்தை. இப்ப எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புவாங்க. பை இருக்கேன்னு கொஞ்சம் தைரியமா ஒரு காபி குடிக்க வந்தேன்."

ஒரே கை போட்ட முடிச்சு என்று குன்வோர் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு அதே கையால் அவிழ்த்தாள். இப்போது எழுந்து, நல்லது வருகிறேன் என்று வெளியே போய்விட்டால் இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு கிண்ணத்தில் கை நனைத்துவிட்டு எப்படிப் போவது?

"அந்தப் பையெல்லாம் எங்க வண்டியில இருக்கு," என்றாள். "நாங்கதான் கழட்டினோம். குப்பைன்னு நினைச்சு. எல்லாத்தையும்."

ரிஸ்டின் அவளையே பார்த்தாள். கடைக்காரம்மா கையிலிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சுத்தமான ஆளுங்க," என்றாள் ரிஸ்டின். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் குன்வோருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரிஸ்டின் நாற்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினாள், குன்வோரும் பின்னாலேயே ஓடினாள்.

வெளியே சிக்ஸ்டன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கடமையை முடித்த திருப்தியோடு நின்றிருந்தான். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியின் மூடி மூடியிருந்தது.

"போட்டுட்டியா?" என்று கத்தினாள் குன்வோர்.

"பிரிச்சுப் போட்டுட்டேன். ஏன்?"

பதில் சொல்ல நேரமில்லை. குன்வோர் மூடியைத் தூக்கி, விளிம்பில் வயிற்றை வைத்து, தலைகீழாக உள்ளே போனாள். பெட்ரோல் போட நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அறுபத்தாறு வயதுப் பெண்மணியின் இரண்டு கால்கள் மட்டும் தொட்டிக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தன. சிக்ஸ்டன் பேயறைந்தவன் மாதிரி அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "குன்வோர், எல்லாரும் பாக்கறாங்க," என்றான்.

"பாக்கட்டும்! கையை நீட்டு, பையை வாங்கு!"

உள்ளேயிருந்து பைகள் ஒவ்வொன்றாக வந்தன, நான்காக மடித்தபடியே. தொட்டிக்குள்ளிருந்தே அவள் விஷயத்தையும் சொல்லி முடித்தாள். அவள் தலை வெளியே வந்தபோது சிக்ஸ்டனின் முகத்தில் ரத்தமே இல்லை. ரிஸ்டின் தன் ஜீப்பில் ஏறி, எட்டி ஒரு கட்டுப் பைகளைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் வளைவைத் தாண்டி அந்தக் கோடிக்குப் போறேன். நீங்க இந்தக் கோடியில நில்லுங்க. பை அப்புறம் கட்டிக்கலாம், முதல்ல வர்ற வண்டியை நிறுத்துங்க. ஒரு வண்டி விடாதீங்க." சொல்லிக்கொண்டே கிளப்பிவிட்டாள்.

சிக்ஸ்டன் வேனை அப்படி ஓட்டி குன்வோர் பார்த்ததில்லை. வாணலி கொக்கியிலிருந்து விழுந்தது, கெட்டில் விழுந்தது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சதுப்பு நிலம் ஆரம்பிக்கும் இடத்துக்கு வந்ததும் அவர்களே பார்த்தார்கள். காலையில் ஈ காக்கா இல்லாமல் கிடந்த சாலையில் மான்கள். சாம்பலும் பழுப்புமாக, கிளை கிளையான கொம்போடு, தார்ச் சாலையின் நடுவில் தலையை ஆட்டி ஈயை விரட்டிக்கொண்டு நின்றன. தாயின் வயிற்றை ஒட்டிக் குட்டிகள். வளைவுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ. குன்வோருக்கு அந்த அவசரத்திலும், அவற்றின் கணுக்கால் நடக்கும்போது சொடக்குப் போடுவது போல் சத்தம் கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று தோன்றியது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வேனை ஓரம் கட்டிவிட்டு இருவரும் ஊர்ப் பக்கம் பார்த்து நின்றார்கள். முதலில் வந்தது ஒரு கேம்பர் வேன். பெரியது, புத்தம் புதியது, வேகமாக வந்தது. சிக்ஸ்டன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். குன்வோரும் ஆட்டினாள். ஓட்டி வந்த கிழவர் ஓரத்தில் நின்ற கேம்பர் வேனைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாகக் கையைத் தூக்கி ஆட்டினார். பக்கத்திலிருந்த அவர் மனைவியும் இரண்டு கையையும் ஆட்டினாள். அதே சந்தோஷத்தோடு இவர்களைக் கடந்து வளைவுக்குள் போய்விட்டார்கள்.

"நிறுத்து!" என்று சிக்ஸ்டன் அலறினான். அவன் குரல் அவ்வளவு உயரும் என்று அவன் மனைவிக்கே தெரியாது.

வளைவுக்குள் பிரேக் கிறீச்சிட்டது. ஏதோ தட்டு முட்டுச் சாமான்கள் உடைந்து சிதறும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. குன்வோர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவள் கண்ணைத் திறந்தபோது சிக்ஸ்டன் வேனுக்குள் இருந்தான். முன்னே போனான், பின்னே வந்தான், ஒடித்துத் திருப்பினான். சாலைக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, வேனை ஒரு சுவர் மாதிரி நிறுத்திவிட்டு இறங்கினான். கண்ணாடி, சைக்கிள் மாட்டும் கம்பி, கதவுப்பிடி என்று கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் கறுப்புப் பைகளைக் கட்டினான். குன்வோர் இரண்டு சுற்று சுற்றி, ஒரு முனையை மடித்து உள்ளே விட்டாள். அவிழ்த்து அவிழ்த்து அவள் விரலுக்கு அந்த முடிச்சு பழகிப் போயிருந்தது.

அடுத்து வந்தது மரம் ஏற்றிய லாரி. தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, பத்தடியில் புஸ்ஸென்று நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ்! இது என்ன உன் வீட்டு முற்றமா? வண்டியை எடுய்யா!"

சிக்ஸ்டன் அவன் கதவருகே போனான். குன்வோருக்குத் தெரியும், ஹோட்டலில் சூப் ஆறிப்போய் வந்தாலும் நன்றி சொல்லிச் சாப்பிடுகிற மனிதன் இவன். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றான் சிக்ஸ்டன். "ஆனா எடுக்க மாட்டேன்."

"என்ன?"

"வளைவுல மான் நிக்குது. குட்டிங்களோட. அதுங்க போற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன். நீங்க என்ன வேணாலும் திட்டலாம்."

ஓட்டுநர் வேனைப் பார்த்தான், அதில் தோரணம் மாதிரி ஆடிய கறுப்புப் பைகளைப் பார்த்தான். "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன," என்று முணுமுணுத்துவிட்டு எஞ்சினை அணைத்தான். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு இறங்கியவன், வரிசையில் வந்து நின்ற கார்களிடம் நடந்து போய் அவனே எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தான். சந்தையில் வாங்கிய பலூனோடு குழந்தைகள் கார்களிலிருந்து இறங்கின. ஒரு அம்மா எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி கொடுத்தாள். யாரும் சத்தம் போடவில்லை.

குன்வோர் வளைவுக்குள் நடந்தாள். பெரிய கேம்பர் வேன் சாலையில் கோணலாக நின்றிருந்தது. கிழவரும் மனைவியும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார்கள். அவர்களைச் சுற்றி மான்கள் ஒன்றும் நடக்காதது போல் நின்றன. அவர்கள் எதையும் இடிக்கவில்லை. அலமாரியில் இருந்த பாத்திரங்கள் மட்டும் போயின. குன்வோருக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் பள்ளத்தில் குனிந்து நின்ற ரிஸ்டினைப் பார்த்தாள்.

பெண் மான் ஒன்று ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தது. கண்ணில் ஈ மொய்த்தது. விழுந்து நேரமாகியிருந்தது, மத்தியானமே ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்க வேண்டும். இவர்கள் ஏரிக்கரையில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய நேரம். சற்றுத் தள்ளி ஒரு குட்டி நின்றது. இரண்டடி கிட்டே வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போகும். ரிஸ்டின் இறந்த மானின் காதை விரலால் நீவி, அதிலிருந்த வெட்டு அடையாளத்தைப் பார்த்தாள்.

"யாரோடது?" என்று கேட்டாள் குன்வோர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னோடது."

"குட்டி பொழைக்குமா?"

"பொழைச்சாலும் பொழைக்கும். புல்லு தின்னப் பழகிடுச்சு." ரிஸ்டின் நிமிர்ந்தாள், கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். "எத்தனை இருக்குன்னு கேட்டீங்களே."

குன்வோர் வேண்டாம் என்பது போல் தலையை ஆட்டினாள்.

"இப்ப ஒண்ணு கம்மி."

குன்வோருக்கு அழுகை வந்தது. அழுதாள். ரிஸ்டின் அவளைத் தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. "வாங்க, மத்ததைக் காட்டுக்குள்ள ஓட்டணும். அந்தப் பக்கமா நின்னு கையைத் தட்டுங்க, ஓடாதீங்க," என்றாள். குன்வோர் தட்டினாள். மான்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சதுப்பைத் தாண்டி மரங்களுக்குள் போயின. குட்டி கடைசியில் போனது. சிக்ஸ்டன் வேனை ஓரம் கட்டியதும் கார்களும் லாரியும் நடக்கிற வேகத்தில் வளைவைக் கடந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

மான்கள் மறுபடி வரும் என்றாள் ரிஸ்டின், வெயில் குறைகிற வரைக்கும் இன்னும் ரெண்டு நாள் பை இருக்க வேண்டும். இறந்த மானைப் பற்றிப் போலீசுக்குச் சொல்ல வேண்டிய வேலை அவளுக்கு இருந்தது. மிச்சப் பைகளைக் கட்டிவிடுகிறோம் என்று சிக்ஸ்டன் கேட்டு வாங்கிக்கொண்டான். எங்கெங்கே அவிழ்த்தார்களோ அங்கங்கே நிறுத்தினான். அவன் பிடித்துக்கொள்வான், அவள் முடிச்சுப் போடுவாள். வேனுக்குள் விழுந்த வாணலி விழுந்த இடத்திலேயே கிடந்து உருண்டது.

கடைசிப் பை அந்தச் சிவப்பு வீட்டு வாசலுக்கு. சூரியன் இன்னும் மரத்துக்கு மேலேதான் இருந்தது. காலையில் விறகு அறுத்த மனிதர் இப்போது அதை அடுக்கிக்கொண்டிருந்தார். பையைக் கட்டி முடித்ததும் குன்வோர் வண்டியை நோக்கித் திரும்பினாள். சிக்ஸ்டன் திரும்பவில்லை. வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். குன்வோருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பின்னாலேயே போனாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றான் அவன். "காலையில உங்க கம்பத்துல இருந்த பையை நான்தான் கழட்டினேன். திரும்பக் கட்டிட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தெரியும்," என்றார் அவர். "பாத்தேனே."

"அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? பிறந்ததிலேருந்து இங்கதானே இருக்கேன். மானுக்கு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மனதார வெட்கப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. "நினைச்சேன். ரம்பத்தைக்கூட நிறுத்தினேன். ஆனா நீங்க கை காட்டினீங்க, பாத்தா பெரிய மனுஷங்களா இருந்தீங்க, ஏதாவது காரணம் இருக்கும்னு பட்டுது. தெரியாதவங்களைப் போய் எப்படித் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்."

சிக்ஸ்டன் அந்த மனிதரைப் பார்த்தான். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததுபோல் இருந்திருக்க வேண்டும். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஒரு மான் செத்துப் போச்சு," என்றான். "அடுத்த தடவை தயவு செஞ்சு தொந்தரவு பண்ணுங்க."